பூட்டுனா மட்டும் பத்தாது, சாதாரணமா தெரியணும்: இன்டர்நெட் தடையைத் தாண்டுற ட்ராஃபிக் எப்புடி வேல செய்யுது

2018 மார்ச்ல திகன, தெல்தெனிய பக்கம் கலவரம் நடந்தப்போ பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் நிப்பாட்டுனது கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் இருக்கவங்களுக்கு மறந்திருக்காது, ஒரு கிழமையாச்சு முழுசா திரும்பி வர. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும் அதேதான், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கு நேரத்துலயும் அதேதான். அந்த 2022 தடை அன்னிக்கே தூக்கப்பட்டுச்சு, அப்ப அமைச்சரா இருந்த நாமல் ராஜபக்சவே நான் இப்ப விபிஎன்லதான் (நம்ம நெட் ட்ராஃபிக்க பூட்டி வேறொரு சேர்வர் வழியா அனுப்புற ஆப்) இருக்கேன், இந்த மாதிரித் தடையால ஒரு பிரயோசனமும் இல்லன்னு ட்விட்டர்ல எழுதுனாரு.

நம்ம நாட்டுல போட்ட தடைக்கு அவர் சொன்னது சரிதான், ப்ளே ஸ்டோர்ல ஏதோ ஒரு விபிஎன்ன எறக்குனா அநேகமா வேல செஞ்சுச்சு. ஆனா சீனாவுலயும் ஈரான்லயும் ரஷ்யாவுலயும் சாதாரண விபிஎன் நிலைச்சு நிக்கிறது கஷ்டம். நம்ம தோட்டங்கள்ல இருந்து நிறையப் பேர் போயிருக்க துபாய் பக்கத்துல கூட வட்ஸ்அப் மெசேஜ் போகும், கோல் போகாது, தடுத்து வச்சிருக்காங்க. அதனால இது நமக்குத் தூரத்து விசயம்னு நான் நினைக்கல.

மொதல்ல தடுக்கிறது எப்புடின்னு பாப்போம். நீங்க ஒரு சைட் பேரை அடிச்சதும் ஃபோன் அதோட நம்பரை டிஎன்எஸ்ங்கிற, சைட் பேருக்கு நம்பர் சொல்ற சேர்வர் கிட்ட கேக்கும், அங்கயே பொய்யான பதில் குடுக்கலாம். அந்த நம்பரையே, அதாவது ஐபி அட்ரஸையே தடுக்கலாம். மூணாவதுதான் பலருக்குத் தெரியாதது: பூட்டுப் போட்ட, அதாவது நடுவுல யாரும் படிக்க முடியாதபடி மாத்தி அனுப்புற ஹெச்டிடிபிஎஸ் கனெக்ஷன்லயும் மொத மெசேஜ்ல சைட்டோட பேரு பெரும்பாலும் பூட்டாமத்தான் போகுது, நடுவுல இருக்க நெட் கொம்பனி அதைப் படிச்சிட்டு கனெக்ஷனை அறுத்துவிடலாம்.

விபிஎன் போட்டா இந்த மூணும் மறைஞ்சிடும், வெளிய தெரியிறது விபிஎன் சேர்வருக்குப் போற ஒரே ஒரு கனெக்ஷன்தான். பிரச்சினை என்னன்னா அந்த ஒரு கனெக்ஷனே நான் விபிஎன்னு காட்டிக்குடுத்திடும். ஹட்டன்ல இருந்து கொழும்புக்கு எறங்குற லொறிய வழியில மறிக்கிற பொலிஸ் ஒவ்வொரு மூட்டையையும் பிரிச்சா பாக்குது, லொறியோட சைஸ், தார்ப்பாய் கட்டுன விதம், எங்க இருந்து எங்க போகுதுன்னு வெளிய இருந்தே பாத்து இதை ஓரம் கட்டுன்னு சொல்லுதுல்ல, அதே மாதிரிதான் இங்கயும். உதாரணமா வயர்கார்ட்னு ஒரு விபிஎன் முறை இருக்கு, அது அனுப்புற மொத பாக்கெட் (டேட்டா போற ஒரு துண்டு) எப்பவும் சரியா 148 பைட், அதோட மொத பைட் 1, அடுத்த மூணும் பூச்சியம், வர்ற பதில் 92 பைட். உள்ள என்ன இருக்குன்னு யாராலயும் படிக்க முடியாது, ஆனா இது வயர்கார்ட்னு கண்டுபிடிக்க ஒரு செக்கன் கூட வேணாம். ஓப்பன்விபிஎன்னும் அப்புடித்தான், 2022ல வந்த ஒரு ஆய்வுல நெட் கொம்பனியோட ட்ராஃபிக்க வச்சே 85 வீதத்துக்கு மேல அடையாளம் கண்டாங்க. ஈரான் 2011லயே டோர் நெட்வேர்க்கோட (யாரு எந்த சைட்டுக்குப் போறாங்கன்னு மறைக்கிற நெட்வேர்க்) சர்டிஃபிகேட், அதாவது சேர்வரோட அடையாள அட்டை, காலாவதியாகிற திகதிய வச்சே அதைப் பிடிச்சு அறுத்துச்சு, மத்த சைட்டோட சர்டிஃபிகேட் எல்லாம் வருசக்கணக்குல இருக்க டோரோடது மட்டும் சில மணித்தியாலம்தான் இருந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுக்கு வந்த மொத மருந்து எந்த அடையாளமுமே இல்லாம ஆக்கிறது. ஓப்ஸ்4, ஷடோசொக்ஸ்னு வந்த தடை தாண்டுற முறைகள் எல்லாம் இந்த வகை, மொத பைட்ல இருந்தே எல்லாம் தாறுமாறா, எதைப் போலவும் இல்லாம போகும். சீனா என்ன பண்ணுச்சுன்னா சந்தேகப்பட்ட சேர்வருக்குத் தானே கனெக்ட் பண்ணி நீ யாருன்னு கேட்டுப் பாத்துச்சு, பதில் வந்தா தடை. அதுக்காக ஓப்ஸ்4ல ஒரு ரகசியச் சாவி வச்சாங்க, சாவி தெரியாதவன் கேட்டா சேர்வர் வாயே தொறக்காது. பல வருசம் இது தாக்குப்பிடிச்சுச்சு.

பிறகு 2021 நவம்பர்ல சீனா பண்ணுன வேலதான் என்னைய ரொம்ப யோசிக்க வச்சது. ஒரு பைட்ல 8 பிட் இருக்கு, ஒவ்வொண்ணும் 0 இல்லாட்டி 1, நல்லா பூட்டுன தாறுமாறான டேட்டாவுல சராசரியா அதுல 4 பிட் 1னு இருக்கும். மொத பாக்கெட்ல இந்தச் சராசரி 3.4க்கும் 4.6க்கும் நடுவுல இருந்தா சந்தேகம். மொத ஆறு பைட்டும் சாதாரண எழுத்தா இருந்தா விட்டுடும், பாதிக்கு மேல எழுத்தா இருந்தாலும் விட்டுடும், ஹெச்டிடிபிஎஸ் மாதிரி ஆரம்பிச்சாலும் விட்டுடும், மிச்சம் எல்லாம் வெட்டு. அதாவது இது இன்ன விபிஎன்னு தெரிஞ்சு தடுக்கல, இது என்னன்னு தெரியல அதனால தடுன்னு வச்சிட்டாங்க. எதைப் போலவும் இல்லாம இருக்கிறதே ஒரு அடையாளமாப் போச்சு. ஆனா இதை ஆராய்ஞ்சவங்க இன்னொன்னையும் கண்டுபிடிச்சாங்க, சில டேட்டா சென்டர்களோட அட்ரஸுக்குப் போற ட்ராஃபிக்குக்கு மட்டும்தான் இந்த விதி இருந்துச்சு, அதுலயும் ஏறக்குறைய 26 வீதக் கனெக்ஷனத்தான் வெட்டுனாங்க. கண்டபடி வெட்டுனா ஒண்ணுமறியாத வியாபாரமும் சேந்து அடிபடும்னு சீனாவே பயப்படுது, இந்த பயம்தான் தாண்டுறவங்களோட பலம்.

2018 ஏப்ரல்ல ரஷ்யா டெலிகிராம தடுக்கிறேன்னு அமேசான், கூகுளோட ஐபி அட்ரஸை லட்சம் லட்சமா மூடுனப்போ சம்பந்தமே இல்லாத சேவையெல்லாம் படுத்துச்சு, டெலிகிராம் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு, கடைசியில 2020ல தடையத் தூக்கிட்டாங்க.

அதனால இப்ப போற வழி, எல்லாரும் பாவிக்கிற ட்ராஃபிக்குக்குள்ள கலந்துடுறது. சும்மா நடிச்சா பத்தாது, ஸ்கைப் கோல் மாதிரி நடிச்ச முறைகள 2013லயே ஆராய்ச்சியாளர்கள் உரிச்சு வச்சாங்க, உண்மையான ஸ்கைப் தப்பு வந்தா எப்புடி நடக்கும், இடையில பாக்கெட் தொலைஞ்சா என்ன பண்ணும்னு எல்லாத்தையும் காப்பியடிக்க யாராலயும் முடியாது. அதனால உண்மையான சாமானையே பாவிக்கணும். டோரோட ஸ்னோஃப்ளேக் அப்புடித்தான், ப்ரௌசர்ல வீடியோ கோல் போற அதே வெப்ஆர்டிசி வழியில போகுது, நடுவுல நிக்கிறது யாரோ ஒரு தொண்டரோட ப்ரௌசர். பண்டாரவளையில இருக்க ஒரு பிள்ளை தன்னோட கம்பியூட்டர்ல அந்த எக்ஸ்டென்ஷன போட்டு விட்டா தெஹ்ரான்ல ஒருத்தருக்கு வழி கெடைக்கும், அவர் பாக்குற சைட்டுக்கு இந்தப் பிள்ளையோட அட்ரஸ் போகாது, டோர் நெட்வேர்க்குக்குள்ள போய்த்தான் வெளிய வரும். 2022 செப்டம்பர்ல பொலிஸ் காவல்ல இருந்த மஹ்சா அமினிங்கிற பொண்ணு இறந்த பிறகு ஈரான்ல இதைப் பாவிச்சவங்க கூட்டம் சடார்னு கூடிப்போச்சு. இதுவும் முழுப் பாதுகாப்புன்னு சொல்ல முடியாது, 2021 டிசம்பர்ல ரஷ்யா இதைப் பிடிச்சதே உண்மையான ப்ரௌசர் அனுப்பாத ஒரு சின்ன விசயத்த ஸ்னோஃப்ளேக் ஹேண்ட்ஷேக்ல, அதாவது கனெக்ஷன் ஆரம்பிக்கிறப்போ நடக்குற மொத பேச்சுல, அனுப்புனதாலதான், பிறகு திருத்துனாங்க.

முழு இன்டர்நெட்டையும் அணைச்சா இதுல எதுவும் உதவாது, போறதுக்கு ரோட்டே இல்லாதப்போ எந்த வேஷமும் பிரயோசனமில்ல. அப்புறம் சட்டம்: அமீரகத்துல விபிஎன்ன வச்சு குற்றம் பண்ணுனா 5 லட்சம் திர்ஹம்ல இருந்து 20 லட்சம் வரை தண்டம் இருக்கு, அங்க வேல செய்ற அக்கா தங்கச்சிமார்க்கு சும்மா இத போடுன்னு லிங்க் அனுப்புறதுக்கு முன்னுக்கு இதையும் சொல்லுங்க. இலவச விபிஎன்ல நீங்க எந்த சைட்டுக்குப் போறீங்கன்னு நெட் கொம்பனிக்குப் பதிலா அந்த விபிஎன்காரனுக்குத் தெரியும், பேர் தெரியாத ஆப்ல பேங்க் வேல பாக்காதீங்க. டோர் ப்ரௌசர், ஸ்னோஃப்ளேக் எல்லாம் நெட் நல்லா இருக்கப்பவே எறக்கி ஒருதரம் ஓட்டிப் பாத்து வச்சிருங்க, ஏன்னா தடை விழுற அன்னிக்கு இதெல்லாம் எறக்குற சைட்டும் சேந்து மூடுறதுக்கு நிறைய சான்ஸ் இருக்கு.