தொண்டைக்குள் காற்று போகும் வழியை எப்படி அளக்கிறார்கள்?

டாக்டர் டார்ச் அடித்து "ஆ காட்டுங்க" என்று பார்க்கும்போது உள்நாக்கு, டான்சில், அவற்றுக்குப் பின்னால் கொஞ்சம் சுவர் மட்டும் தெரியும். மேலே அண்ணத்துக்குப் பின்புறமும், கீழே நாக்கின் அடிப்பக்கமும் மறைவாகவே இருக்கும். தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியா நோயாளிகளுக்குப் பெரும்பாலும் வழி மூடிக்கொள்வது அந்த மறைவான இடங்களில்தான். அங்கே ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. அதற்கு முப்பரிமாணப் படம் கைகொடுக்கும்.

சி.டி. ஸ்கேன் பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே எடுத்து, உடம்பைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, சதைக்கு 50ஐ ஒட்டி. சி.டி.யை உருவாக்கி 1979இல் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசு பெற்ற காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே இந்த எண் அளவுகோலுக்கு வைத்திருக்கிறார்கள். சதைக்கும் காற்றுக்கும் இத்தனை தூரம் இருப்பது நமக்கு வசதி. ஓர் எண்ணைத் தேர்ந்து, "இதற்குக் கீழே எல்லாம் காற்று" என்று சொன்னால், மென்பொருள் தொண்டைக்குள் இருக்கும் வெற்றிடத்தை மட்டும் அச்சிலிருந்து மெழுகை உருவுவது போலத் தனியே எடுத்துத் தரும்.

அப்புறம் எண்ணுவதுதான் வேலை. கனசதுரத்தின் பக்கம் 0.3 மி.மீ. என்றால், 1 கன செ.மீ.க்குள் சுமார் 37,000 துண்டுகள் அடங்கும். ஓரத்துத் துண்டுகளில்தான் சிக்கல்: பாதி சதை, பாதி காற்று. எல்லை எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலும் கொள்ளளவு மாறிவிடும்.

என்னைக் கேட்டால், மொத்தக் கொள்ளளவைவிட, வழி எங்கே மிகக் குறுகுகிறது, அங்கே அதன் குறுக்குப் பரப்பு எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஒரு குழாயில் காற்று சீராக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரம் பாதியானால் அதே அளவு காற்றை அனுப்ப 16 மடங்கு அழுத்தம் வேண்டும். தொண்டை வளைந்த, மிருதுவான குழாய். காற்று அதில் சுழன்றும் போகும். அதனால் இந்தக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. ஆனாலும் குறுகல் எவ்வளவு பொல்லாதது என்பது இதிலிருந்தே புரியும். பரப்பை அளக்கும்போது வழிக்குச் செங்குத்தாகத்தான் வெட்ட வேண்டும். வாழைக்காயைச் சாய்த்து நறுக்கினால் வில்லை பெரிதாக விழும் இல்லையா, அதே தப்பு இங்கேயும் நடக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் தொண்டை ஒரே நிலையில் இருப்பதில்லை. மல்லாந்து படுத்தால் நாக்கும் மெல்லண்ணமும் பின்னால் சரியும். எச்சில் விழுங்கினால் குரல்வளையே மேலே ஏறி இறங்கும். மருத்துவமனை சி.டி.யைப் படுக்க வைத்து எடுக்கிறார்கள். பல் மருத்துவத்தில் பயன்படும் கோன் பீம் சி.டி.யைப் பெரும்பாலும் உட்கார வைத்தோ நிற்க வைத்தோ எடுக்கிறார்கள். சிகிச்சைக்கு முன் படுத்து ஒரு படம், பின் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துவிட்டு "வழி விரிந்திருக்கிறது" என்று சொன்னால், அந்த முடிவை நம்பவே கூடாது. தலை எந்தக் கோணத்தில் இருந்தது, மூச்சு உள்ளே போனதா வெளியே வந்ததா என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். விழித்திருக்கும்போது எடுத்த படம் தூக்கத்தில் தசை தளர்வதைக் காட்டாது என்பதையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.

காந்தத்தை வைத்துப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை என்பதால் ஒருவரையே திரும்பத் திரும்பப் படம் எடுக்கலாம். பேச்சை ஆராய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். உதடு முதல் குரல்நாண் வரையுள்ள வழியின் வடிவம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது. வளர்ந்த ஆணுக்கு அதன் நீளம் சுமார் 17 செ.மீ. தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. உள்ளிட்ட முறைகளால் ஆராய்ந்து ஸ்ரீகாந்த் நாராயணனும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'ழ' சொல்லும்போது காற்று நாக்கின் நடு வழியாகப் போகும். 'ள' சொல்லும்போது நடு அடைபட்டு ஓரமாகப் போகும். அந்த ஓர வழி பல்லை ஒட்டியது. எம்.ஆர்.ஐ.யிலோ பல்லும் காற்றும் ஒரே கறுப்பு. எது பல், எது வழி என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பல்லின் வடிவத்தைத் தனியாக எடுத்து, அதை எம்.ஆர்.ஐ. படத்தின் மேல் பொருத்திய பிறகுதான் 'ள'வின் வழியைச் சரியாக அளக்க முடியும்.