ரோஜாவின் கண்ணும் அம்மைக் கீறலும்

ஓசூர் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணை. வரிசையாக நின்ற காட்டு ரோஜாக் கன்றுகளுக்கு நடுவே ஒரு அக்கா சின்னக் கத்தியோடு குந்தியிருந்தார். தண்டின் பட்டையில் ‘டி’ எழுத்துப் போல ஒரு கீறல். வேறொரு ரோஜாக் கிளையில், இலைக்காம்பின் அடியில் புடைத்திருந்த மொட்டைக் கொஞ்சம் பட்டையோடு சீவியெடுத்து, அந்தக் கீறலுக்குள் செருகினார். மேலும் கீழும் பாலித்தீன் நாடாவைச் சுற்றினார். “கண்ணு மேல மட்டும் ஏறக்கூடாது தம்பி, அப்புறம் முளைக்காது.”

கரும்புக் கரணையிலும் உருளைக்கிழங்கிலும் நாம் சொல்லும் அதே கண். லத்தீன்காரர்களும் மொட்டைக் கண் என்றே சொன்னார்கள்: ‘ஓகுலுஸ்’. ‘இன்’ என்றால் உள்ளே. அக்கா செய்த வேலைக்கு அவர்கள் மொழியில் ‘இனோகுலாரே’ என்று பெயர். ஆங்கில ‘இனாகுலேட்’ அதன் பிள்ளை. இன்று தடுப்பூசியை நினைவூட்டும் இந்தச் சொல், 15-ஆம் நூற்றாண்டில் தோட்டக்காரர் பேச்சு.

பட்டையை உரித்தால் கையில் வழுக்குமே, அங்கேதான் கேம்பியம் இருக்கிறது. செல்கள் ஓயாமல் பிரியும் மெல்லிய அடுக்கு. இரண்டு செடிகளின் கேம்பியமும் ஒட்டி உட்கார்ந்தால், இடைவெளியைப் புதுத்திசு நிரப்பி, மூன்று நான்கு வாரத்தில் சாறு ஓடும் குழாய்கள் இணைந்துவிடும். பிறகு காட்டுச் செடியின் தலையை வெட்டிவிடுவார்கள். வேர் அதனுடையது, பூ கண்ணினுடையது.

பெரியம்மைக்கு இந்தச் சொல் தாவியது 18-ஆம் நூற்றாண்டில். கொப்புளத்தின் சீழில் துளி எடுத்து, நோயில்லாதவரின் தோலைக் கீறி உள்ளே வைப்பார்கள், பின்னால் பெரிதாக நோய் வராமலிருக்க. துருக்கியில் இதைப் பார்த்த ஆங்கிலேயத் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகு, அங்கே இதற்கு ‘ஒட்டுக் கட்டுதல்’ என்றே பெயர் என 1717-இல் கடிதம் எழுதினார். 1721-இல் லண்டனில் தன் மகளுக்கும் செய்யவைத்தார். கீறுவது, செருகுவது, ‘பிடிச்சிருக்கா’ என்று காத்திருப்பது எல்லாம் நாற்றுப்பண்ணை வேலையேதான். ஆனால் உள்ளே போவது உண்மையான அம்மை. சிலர் இறந்தும் போனார்கள். 1796-இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர், லேசான மாட்டம்மைக்கு மாறினார். லத்தீனில் மாடு ‘வாக்கா’, அதிலிருந்து ‘வாக்சின்’.

ஆய்வகத்தில் நுண்ணுயிரை வளர்ப்புக் கூழில் இடுவதும் இனாகுலேட்தான். அந்தக் கணக்கில், ராத்திரி பாலுக்கு உறை ஊற்றும் எல்லோரும் செய்வது இதுவே.

ஆங்கிலத்தில் ‘இனாகுலேட்’ எழுதும்போது பலர் இரண்டு ‘என்’ (n) போட்டுவிடுகிறார்கள், நானும் போட்டவன்தான். ‘தீங்கில்லாத’ என்று பொருள்படும் ‘இனாக்யுவஸ்’ செய்யும் குழப்பம் அது. அதில் ‘இன்’னுக்கு அடுத்து வருவது தீங்கைக் குறிக்கும் ‘நோக்குவுஸ்’, ஆகவே இரண்டு. இங்கே ‘இன்’னுக்கு அடுத்து நேராகக் கண், ஒரு ‘என்’ போதும்.