கான்வென்ட்: சொல் விளக்கம்

தமிழில் 'கான்வென்ட்' என்றால் ஆங்கிலவழிப் பள்ளி. கன்னியாஸ்திரிகள் தங்கள் இல்லத்தை ஒட்டிப் பள்ளி நடத்தியதால் இல்லத்தின் பெயர் பள்ளிக்கும் ஆகிவந்தது. மூலம் லத்தீன் 'கான்வென்டுஸ்'. ஒன்றுகூடல் என்று பொருள். அதில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் துறவற அமைப்புகளில் ஒன்றான பிரான்சிஸ்கன் சபையின் ஆண் துறவியர் சேர்ந்து வாழும் இல்லமும் கான்வென்ட்தான்.

அதை 'மொனாஸ்டரி' என்று எழுதுவது பரவலான பிழை. அந்தச் சொல் 'தனி' என்று பொருள்படும் கிரேக்க 'மோனோஸ்' வழி வந்தது. மொனாஸ்டரியில் வாழும் பெனடிக்ட் சபைத் துறவி ஆயுள் முழுக்க ஒரே மடத்தில் இருப்பதாக வாக்குக் கொடுப்பவர். அவர் மடத்துக்கு நிலபுலன் உண்டு, மடாதிபதி உண்டு. பிரான்சிஸ்கன் துறவி சபை அனுப்பும் ஊருக்குப் போவார், நகர மக்களுக்குப் பிரசங்கம் செய்வார், இரந்துண்டு வாழ்வார். அவர் 'சகோதரர்', இல்லத் தலைவர் 'கார்டியன்', அதாவது காப்பாளர். அவரை மடாதிபதி என்று எழுதினால் அந்தச் சபையின் அடிப்படையே தவறிவிடும்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில், பழைய நகரை ஒட்டிய ரிடார்ஹோல்மென் தீவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மன்னர் மாக்னுஸ் லாடுலோஸ் ஆதரவில் பிரான்சிஸ்கன் துறவியர் அங்கே மடமும் செங்கல் ஆலயமும் எழுப்பினர். மக்களை விட்டு ஒதுங்குவதற்காக அவர்கள் தீவுக்குப் போகவில்லை. நகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர்களின் சாம்பல்நிற அங்கியால் தீவுக்கே 'சாம்பல் துறவியர் தீவு' என்று பெயர். 1527இல் மன்னர் குஸ்தாவ் வாசா காலத்துச் சமயச் சீர்திருத்தத்தோடு மடத்தின் வாழ்வு முடிந்தது. பிறகு பிரபுக்கள் மாளிகை கட்ட, பெயரும் 'வீரர் தீவு' என்று மாறியது. ஆலயம் மட்டும் அரச கல்லறையாகத் தொடர்ந்தது. அங்கே கடைசியாக அடக்கமான மன்னர் ஐந்தாம் குஸ்தாவ், 1950இல். இன்றைய வார்ப்பிரும்புக் கூம்பு 1835இல் மின்னல் தாக்கிப் பழைய கோபுரம் எரிந்த பின் வந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? நம்மிடம் 'பள்ளி' இருந்தது. தமிழி என்னும் பழைய எழுத்தில் பொறித்த மாங்குளம் கல்வெட்டில் அது சமணத் துறவியரின் உறைவிடம். துறவியர் இல்லத்தின் பெயர் கல்விக்கூடத்துக்குப் போனது தமிழிலும் நடந்திருக்கிறது, அதுவும் கான்வென்டுக்கு வெகு முன்பே. ஆனால் இன்று 'பள்ளி' என்றால் யாருக்கும் துறவியர் நினைவுக்கு வரமாட்டார்கள். ஆகவே 'மடம்' தான் பொருத்தம். யாழ்ப்பாணத்தில் திருக்குடும்பக் கன்னியர் மடம் என்று பள்ளிப் பெயரிலேயே அது நிலைத்திருக்கிறது. ஆனால் கான்வென்ட் என்று கண்டதும் 'கன்னியர் மடம்' என்று போட்டுவிடக் கூடாது. உள்ளே வாழ்ந்தவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். ரிடார்ஹோல்மெனில் இருந்தது 'பிரான்சிஸ்கன் துறவியர் மடம்'.