ராத்திரிக் கணக்கு முடிக்காமல் நோட்டை மூடாதீர்கள்

எங்கள் தாத்தா காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எத்தனை மணியானாலும் அன்றைய சிட்டையை முடிக்காமல் கிளம்ப மாட்டாராம், அரையணா உதைத்தால்கூட முதலிலிருந்து கூட்டிப் பார்ப்பாராம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, எங்களை உட்காரவைத்து ஜெபமாலை சொல்லி முடித்த பிறகு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடி ஆத்தும சோதனை, அதாவது அன்று செய்ததில் சரி எது தப்பு எது என்று மனசாட்சியைக் கேட்டுப் பார்ப்பதைச் செய்வார். அது ராத்திரி ஜெபம் என்று தெரியாத வயதில், தாத்தா இன்னும் கணக்குத்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். வேதியியல் படித்து, 20 வருடத்துக்கு மேலாக ஆய்வு மாணவர்களுக்கு கைடாக இருந்த பிறகு சொல்கிறேன், அப்போது நினைத்தது சரிதான்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் இது புரியும். எங்கள் லேபில் இரும்பு துருப்பிடிப்பதைக் குறைக்கும் தடுப்பான்களைப் பற்றி ஆய்வு செய்கிறோம். செய்முறை எளிதுதான். சின்ன எஃகுத் துண்டைத் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, எடை போட்டு, தடுப்பான் கலந்த அமிலத்தில் தொங்கவிட்டு, சில மணி நேரம் கழித்து எடுத்துக் காயவைத்து மறுபடி எடை போட வேண்டும். எடை எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து தடுப்பான் எத்தனை சதவீதம் காப்பாற்றியது என்று சொல்லிவிடலாம். தடுப்பானின் ஒவ்வொரு அளவுக்கும் 3 துண்டு. ஒரு மாணவி கட்டுரை எழுதிக் கொண்டுவந்தாள். சராசரி 92.5 என்று இருந்தது. நோட்டைப் புரட்டினால் 93, 92, 78.

"மூணாவது எங்கேம்மா?"

"அது தப்பா வந்துருச்சு மேடம், விட்டுட்டேன்."

"தப்புன்னு எப்படித் தெரியும்?"

பதில் இல்லை. இந்தப் பெண் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், பாடற்குழுவில் பாடுகிறவள், தீசிஸ் கொடுப்பதற்கு முன்னால் ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்கு வருவதாக நேர்ந்திருக்கிறவள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. எனக்கு அதுதான் உறைத்தது. 4 வருடமாக நான் அவளிடம் "நல்ல ரிசல்ட் கொண்டு வா" என்று சொன்னேனே தவிர, "வந்ததைக் கொண்டு வா" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று பைபிளின் நீதிமொழிகளில் வருவதைக் கடைக்காரர்களுக்குச் சொன்னதாகத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் லேப் தராசு 0.1 மில்லிகிராம் வரைக்கும் உண்மை சொல்கிறது, அதைப் பார்த்து எழுதுகிற கை ஒரு எண்ணை மறைத்துவிட்டால் அந்தத் தராசும் கள்ளத்தராசுதானே? புண்ணியம் என்பது நல்ல எண்ணம் அல்ல, திரும்பத் திரும்பச் செய்து ஊறிப்போன பழக்கம் என்று திருச்சபையின் பெரிய இறையியல் அறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கியிருக்கிறார். அறிவைத் தேடும் ஆசையிலும் அவர் இரண்டு வகை பார்க்கிறார், உண்மைக்காகத் தேடுவது ஒன்று, பெருமைக்காகத் தேடுவது இன்னொன்று. லேபில் இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். அதே மெஷின், அதே ராத்திரி முழிப்பு. 78 வரும்போதுதான் எது எது என்று தெரியும்.

கருத்துத் திருட்டு விஷயத்திலும் இதே கதைதான். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரைக்கும் மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, 10-லிருந்து 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நல்ல விதி, தேவையான விதி. ஆனால் மாணவர்கள் "மேடம், 9 வந்துருச்சு" என்று சந்தோஷமாக வந்து நிற்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வார்த்தையை மாற்றி, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, இப்போது ஏஐ-யிடம் கொடுத்து எழுதவைத்து 9 ஆக்கிவிடலாம், அடுத்தவர் யோசித்தது அடுத்தவருடையதாகவே இருக்கும். சாஃப்ட்வேர் எழுத்தைத்தான் பார்க்கும், களவை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சரி, மாணவர்களை மட்டும் சொல்லி என்ன? எங்களைப் போன்ற கைடுகள் செய்வதைப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. ஆய்வு மாணவரை பேங்க் வரிசையில் நிற்கவைப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரச் சொல்வது, வைவா (வாய்மொழித் தேர்வு) அன்று வருகிறவர்களுக்கெல்லாம் கறி சாப்பாடும் சால்வையும் அந்தப் பிள்ளையின் தலையில் கட்டுவது. ஸ்காலர்ஷிப் 4 மாதமாக வராமல் கடன் வாங்கி அந்தச் சாப்பாட்டை ஏற்பாடு செய்த பையனை எனக்குத் தெரியும். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காத கட்டுரையில் என் பெயர் போட்டு வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பதவி உயர்வுக்கு அதைக் கணக்கிலும் காட்டினேன். இதெல்லாம் "எல்லாரும் செய்றதுதானே" என்கிற பெயரில் நடந்தது. ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் மனப்பாடம் செய்த விவேகம், நீதி, துணிவு, அளவுடைமை நான்கில் நீதி என்றால் அவரவருக்கு உரியதை அவரவருக்குக் கொடுப்பது. எனக்கு அது கோர்ட்டு சம்பந்தப்பட்டதாகவே இருந்தது, என் முன்னால் நின்ற அந்தப் பையனோடு சம்பந்தப்பட்டதாகத் தோன்றவில்லை.

இந்த ஊரில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். இங்கே அறிவியல் வளர்ந்தது இப்படி யாரோ கொடுத்ததில்தான். நம் கையில் இருக்கும் எந்த மெஷினும் நம் காசில் வாங்கியது இல்லை.

அந்த மூன்றாவது துண்டுக்கு வருகிறேன். மறுபடி செய்து பார்க்க 3 வாரம் ஆனது, பெண் இரண்டு முறை அழுதாள். துண்டைத் தொங்கவிடப் போட்ட ஓட்டையின் இடுக்கில் மட்டும் அரிப்பு கூடுதலாக இருந்தது. சமமான இடத்தில் நன்றாக வேலை செய்கிற தடுப்பான், இடுக்கில் சரியாகக் காப்பாற்றவில்லை. தொழிற்சாலைக் குழாயில் இணைப்பும் இடுக்கும் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? அந்த எண்ணை விட்டிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். கட்டுரையில் இப்போது 78-ம் இருக்கிறது, ஏன் என்பதும் இருக்கிறது. முதலில் அனுப்பிய பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது, அதனால் வேறொன்றுக்கு அனுப்பியிருக்கிறோம்.

அதிலிருந்து எங்கள் லேபில் ஒரு பழக்கம். சாயங்காலம் கிளம்புமுன் ஒவ்வொருவரும் அன்றைய நோட்டில் 3 விஷயம் எழுத வேண்டும், எது சரியாக வரவில்லை, எதை விட்டேன், இன்று யாருடைய உதவியில் வேலை நடந்தது. பேனாவில்தான் எழுத வேண்டும், அடித்தாலும் அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரே கோடு. இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது லேப் ஒழுங்கு, எனக்கு இது தாத்தாவின் ஆத்தும சோதனை. நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், மேஜைமேல் எல்லாரும் பார்க்கிற இடத்தில். முதல் பக்கத்தில் அந்த வைவா சாப்பாட்டை எழுதினேன். அந்தப் பையன் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறான். போன் செய்து மன்னிப்புக் கேட்டபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்பிட்டீங்களா மேடம்?" என்றான்.