மாடல் கப்பல்ல முடி மாதிரி கயிறு எப்படி வருது?

ஒரு மாடல் கப்பல் பொம்மை மாதிரி தெரியுறதுக்கு முக்கால்வாசி காரணம் பாகங்களோட தடிமன்தான். 1/350 ஸ்கேல்ல, அதாவது நிஜத்தை 350ல ஒரு பங்கா சுருக்கினா, 1 மீட்டர் உயர ரெய்லிங் 3 மில்லிமீட்டர் கூட வராது, அதுல ஓடுற 35 மில்லிமீட்டர் கம்பி வெறும் 0.1 மில்லிமீட்டர். உருகின பிளாஸ்டிக் அவ்ளோ ஒல்லியான அச்சு சந்துக்குள்ள முழுசா போறதுக்குள்ள இறுகிடும். சரின்னு அரை மில்லிமீட்டர் கனத்துக்கு வார்த்தா, 350ஆல பெருக்கிப் பாருங்க, பதினேழரை சென்டிமீட்டர், டெக் ஓரத்துல தூணைப் படுக்க வச்ச மாதிரி.

அதனாலதான் ரெய்லிங்குக்குப் பித்தளை. மெல்லிசான தகட்டுல ரெண்டு பக்கமும் ஒளி பட்டா இறுகுற பூச்சு தடவி, டிசைன் பிலிம் வச்சு புற ஊதா வெளிச்சம் காட்டுவாங்க, வெளிச்சம் படாத பூச்சைக் கழுவிட்டு ஃபெரிக் குளோரைடுல விட்டா மூடாத பித்தளைய அது அரிச்சுடும். அரிப்பு பக்கவாட்டுலயும் போகும், அதான் தகடு மெல்லிசா இருந்தாதான் நுணுக்கம் வரும். இப்படி வர்ற கம்பி தட்டை, நிஜத்துல உருண்டை, ஆனா 30 சென்டிமீட்டர் தூரத்துல கண்ணு பிரிச்சுப் பாக்குற எல்லையே கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர்தான். கோடு தெரியும், தட்டையா உருண்டையான்னு தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பாய்மரக் கயிறு. மாடல் பாகங்கள் வர்ற பெட்டில (கிட்) பாகங்களை வெட்டினப்புறம் மிஞ்சுற பிளாஸ்டிக் குச்சிய, ஸ்ப்ரூன்னு சொல்வாங்க, மெழுகுவர்த்தி தீக்கு மேல உருட்டிக்கிட்டே காட்டணும், பாலிஸ்டைரீன் 100 டிகிரி தாண்டினா குழைய ஆரம்பிக்கும், பளபளன்னு ஆனதும் தள்ளி எடுத்து ரெண்டு பக்கமும் இழுத்தா இழையா நீளும். கன அளவு மாறாதுல்ல, அதனால 2 மில்லிமீட்டர் குச்சி 0.1 ஆகணும்னா நீளம் 400 மடங்கு ஆகணும், உருகின 1 மில்லிமீட்டர் துண்டே 40 சென்டிமீட்டர் ஆயிடும்!

இழைய கப்பல்ல ஒட்ட, ரெண்டு முனையிலயும் ஊசி முனையால தொட்ட சூப்பர் க்ளூ போதும், தண்ணி மாதிரி இருக்கிற க்ளூ நுண்புழை ஈர்ப்பால தானே இடுக்குக்குள்ள ஓடி ஈரப்பதம் பட்டு இறுகிடும். இழை தொளதொளன்னு இருந்தா கவலையே வேணாம். இழுக்கும்போது பிளாஸ்டிக்கோட நீள மூலக்கூறுகள் ஒரே திசைல நீண்டு அப்படியே உறைஞ்சு நிக்குது, லேசா சூடு பட்டா பழையபடி சுருளப் பாக்கும். தீய ஊதி அணைச்ச தீக்குச்சியோட சிவந்த முனைய இழைக்குக் கீழ தொடாம கொண்டு போங்க. ரொம்பக் கிட்ட போனா அறுந்துடும், எனக்கு எத்தனையோ அறுந்திருக்கு. சரியான தூரத்துல பிடிச்சா, தொங்கிட்டிருந்த கயிறு கண்ணு முன்னாடியே சர்ருன்னு விறைச்சு நேராகும்.