பொக்லைன் இறங்கும் முன் ஏரியைச் சுற்றி ஒருமுறை நடங்கள்

சேலத்துக்கு மேற்கே ஓர் ஏரி, ஊர்ப்பெயர் வேண்டாம். தூர்வாரத் தொடங்கிப் பத்து நாள் கழித்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கரையில் எழுத்துள்ள கல் ஒன்று இருந்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். போய் விசாரித்தால், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "தூம்புக் கல்லுங்களா சார்? அதைப் போன வாரமே பேத்தெடுத்து, கரை சரியிற இடத்துல போட்டு மூடிட்டாங்களே." தூம்பு என்றால் ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய மதகு.

மறுநாள் தோண்டி எடுத்தோம். மூன்று வரியில் ஒன்றரை வரிதான் மிச்சம், மற்றதை பொக்லைன் பல் சீவிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது, மழைக்குள் முடிக்க வேண்டும், ஓட்டுநருக்கு அது வெறும் கல். முன்கூட்டியே யாராவது காட்டியிருந்தால் அவர் ஒதுங்கிப் போயிருப்பார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய தூம்பை அடையாளம் காண்பது சுலபம். ஏரிக்குள் இரண்டு உயரமான கல்தூண்கள் நிற்கும், நடுவே துளையிட்ட குறுக்குக் கற்கள் இருக்கும். அந்தத் துளை வழியே கட்டையை ஏற்றி இறக்கித்தான் அடித்துளையைத் திறந்து மூடினார்கள். தூணில் எழுத்திருந்தால், தூம்பைச் செய்து கொடுத்தவர் யார், ஏரியைப் பராமரிக்க ஏரிப்பட்டியாக எந்த நிலத்தை விட்டார்கள் என்பதெல்லாம் தெரிய வரும். எழுத்தே இல்லாவிட்டாலும் அதைப் பிடுங்காதீர்கள். அடித்துளையின் மட்டம் பழைய ஏரியின் தரைமட்டத்துக்கு நல்ல அடையாளம், அதற்கும் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. எத்தனை அடி தூர்வாரலாம் என்று கேட்கும் பொறியாளருக்கு அந்தக் கல்லே பதில் வைத்திருக்கிறது.

கரையோரம் வேடியப்பன் என்று கும்பிடும் கல் இருந்தால் அது பெரும்பாலும் நடுகல், அதாவது இறந்த வீரனின் நினைவாக நட்ட கல். அதைச் சுற்றி சிமென்ட் மேடை கட்டி எனாமல் பெயின்ட் அடிப்பதும் சேதம்தான், பக்தியோடு செய்தாலும்.

மலைப்பக்கம் இன்னும் கவனம் வேண்டும். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். சேர்வராயன் மலையில் கிடைக்கும் வழுவழுப்பான புதிய கற்காலக் கோடரிகளைப் பிள்ளையாராக வைத்துக் கும்பிடும் வழக்கம் உண்டு. டிப்பரில் போனால் அது கூழாங்கல்லோடு கூழாங்கல்தான்.

வண்டல் மண்ணும் அப்படித்தான். ஏரியிலிருந்து வயலுக்குப் போகும் மண்ணில் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் கலந்து போனால், நாளைக்கு வயலில் அதைப் பார்க்கிறவர் அங்கேதான் பழைய ஊர் இருந்தது என்று தப்பாக முடிவு கட்டுவார். இருந்த இடத்தை விட்டு நகர்ந்த பொருள் பாதிக் கதையை இழந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? வேலைக்கு ஒரு வாரம் முன்பு, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் பொக்லைன் ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு கரை, உபரி நீர் வழியும் கலிங்கு, தூம்பு என்று நடங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் தேய்ந்த எழுத்தும் தெரியும், இல்லையென்றால் இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கண்டதைச் சுற்றி கயிறு கட்டுங்கள். வேலை நடுவே ஏதாவது தட்டுப்பட்டால் வண்டி ஏரியின் மறுமுனைக்குப் போய் வேலையைத் தொடரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் வாடகை வீணாகிறது என்ற பேச்சே வராது. கிடைத்ததைக் கழுவாமல், நகர்த்தாமல், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல் கொடுங்கள். நாணயமோ நகையோ என்றால் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

போன கோடையில் இப்படி நடந்துவிட்டு வந்த ஓர் ஏரியிலிருந்து ஓட்டுநரே போன் செய்தார்: "சார், கல்லு ஒண்ணு தட்டுது, வண்டியை நிறுத்திட்டேன்." போய்ப் பார்த்தேன். பழைய துவைகல். அரை மணி நேரத்தில் வேலை மறுபடி தொடங்கிவிட்டது.