ரீசெட் பட்டனுக்கு உங்கள் கட்டைவிரல் பலம் தேவையில்லை

இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. சாவி கொடுக்கிற குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப் வாட்சும் சேர்ந்த கைக்கடிகாரம். உள்ளே சீகல் எஸ்டி19 என்ற சீன இயந்திரம். காட்பாடியில் படிக்கும் மாணவர் ஒருவர் ஆன்லைனில் ஆசையாக வாங்கியது. ஸ்டாப் வாட்ச் நொடியைக் காட்டும் நடு முள், ரீசெட் செய்தால் பூஜ்யமான பன்னிரண்டில் நிற்காமல் இரண்டு நொடி தள்ளி நின்றிருக்கிறது. அவரும் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கிரௌனை, அதாவது சாவி கொடுக்கும் திருகை, வெளியே இழுத்து ரீசெட்டுக்கான கீழ்ப் பட்டனை அழுத்தியிருக்கிறார். முள் அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தியிருக்கிறார். என் மேஜைக்கு வரும்போது பட்டன் உள்ளேயே சிக்கிக் கிடந்தது. பின் மூடியைத் திறந்து பார்த்தால் லீவர் வளைந்திருந்தது. முள்ளைக் கழற்றிச் சரியாகப் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் வேலை அது. இப்போது உதிரி பாகம் தேட வேண்டியிருக்கிறது.

இதே வேலையைச் செய்துவிட்டு வருபவர்கள் அதிகமாகிக்கொண்டே போகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "சார், வீடியோவில அப்படித்தான் காட்டினாங்க."

அந்த வீடியோவில் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பேட்டரி வாட்சுக்குச் சொன்னது. சாதாரண குவார்ட்ஸ் குரோனோகிராஃபில் நடு முள்ளை ஒரு சின்ன மோட்டார் படிப்படியாக நகர்த்துகிறது. உள்ளே இருக்கும் சிப்புக்கு எத்தனை படி நகர்த்தினோம் என்ற கணக்கு மட்டும்தான் தெரியும், முள் டயலில் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. பேட்டரி மாற்றும்போதோ வாட்ச் கீழே விழுந்தாலோ அந்தக் கணக்கும் முள்ளும் பிரிந்துவிடும். அதனால்தான் கிரௌனை இழுத்து, பட்டனை ஒவ்வொரு தட்டாகத் தட்டி, முள்ளைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து, "இதுதான் பூஜ்யம்" என்று சிப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

மெக்கானிக்கல் வாட்சில் சிப் கிடையாது. கணக்கு வைத்துக்கொள்ள உள்ளே எதுவும் கிடையாது. கிரௌனை இழுத்தால் மணி முள்ளையும் நிமிட முள்ளையும் திருப்பும் பல்சக்கரம் சேரும், சில வாட்சுகளில் ஓட்டம் நிற்கும். அவ்வளவுதான். ரீசெட்டுக்கும் கிரௌனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நூறு தடவை இழுத்து நூறு தடவை அழுத்தினாலும் முள் தன் பூஜ்யத்தை மாற்றிக்கொள்ளாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இருந்தாலே மோட்டார் ரீசெட் என்றும் நினைக்காதீர்கள். சீக்கோவின் விகே63, விகே64 போன்ற இயந்திரங்கள் பேட்டரியில் ஓடினாலும், ரீசெட் மட்டும் மெக்கானிக்கல்தான். அவற்றிலும் இந்த வீடியோ வித்தை பலிக்காது. கண்டுபிடிப்பது சுலபம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு ரீசெட் அழுத்துங்கள். முள் சுற்றிக்கொண்டே போய்ப் பன்னிரண்டில் நின்றால் மோட்டார். சட்டென்று ஒரே தாவலாகப் போய் நின்றால் உள்ளே சுத்தியலும் ஹார்ட்டும் இருக்கின்றன.

அந்த ஹார்ட்தான் முழு விஷயமும். நடு முள்ளின் தண்டில் இதய வடிவத்தில் ஒரு எஃகுத் துண்டு இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். பட்டனை அழுத்தினால் தட்டையான முகம் கொண்ட சுத்தியல் அதன் மேல் விழும். கிண்ணத்தில் விட்ட கோலிக்குண்டு எங்கிருந்து உருண்டாலும் அடியில் வந்து நிற்பதுபோல, ஹார்ட் எந்தக் கோணத்தில் இருந்தாலும் சுழன்று, அதன் இரண்டு மேடுகளும் சுத்தியலில் படியும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். அடால்ஃப் நிக்கோல் 1844-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. இன்றைக்கு வரும் வாட்சிலும் இதேதான். உங்களிடம் இருப்பதில் பரீட்சித்துப் பாருங்கள்: 20 நொடியில் நிறுத்தி ரீசெட் செய்தால் முள் பின்னோக்கி வரும், 40-ல் நிறுத்தினால் முன்னோக்கிப் போகும். எது கிட்டவோ அந்த வழி.

ஆக, பூஜ்யம் என்பது உலோகத்தின் வடிவத்தில் இருக்கிறது. உங்கள் விரலின் பலத்தில் இல்லை. பலமாக அழுத்துவதால் முள் சரியான இடத்துக்கு வராது. இறுக்கம் குறைந்த முள் இன்னும் கொஞ்சம் நழுவும், அல்லது ஏதாவது ஒன்று வளையும். அதற்குமேல் எதுவும் நடக்காது.

அப்படியானால் முள் ஏன் தள்ளி நிற்கிறது? இதற்குப் பதில் சொல்லாமல் முள்ளைத் தொடுகிறவரிடம் வாட்சைக் கொடுக்காதீர்கள். பதிலை நீங்களே பாதி கண்டுபிடிக்கலாம். வெவ்வேறு இடங்களில் நிறுத்தி ரீசெட் செய்து பாருங்கள். 10, 25, 45. அப்புறம் 29-லும் 31-லும் கட்டாயம் பாருங்கள், முள் அதிகத் தூரம் பாய்வது அங்கிருந்துதான். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு நொடி தள்ளி நின்றால் உள்ளே எல்லாம் நலம், முள்ளைப் போட்ட இடம் மட்டும் தப்பு. ஒரு தடவை ஒரு நொடி, அடுத்த தடவை மூன்று நொடி என்று மாறி மாறி நின்றால் பெரும்பாலும் முள் தண்டில் வழுக்குகிறது. சில சமயம் ஹார்ட்டே தண்டில் ஆடும், அது பெரிய வேலை. முள் பன்னிரண்டுக்கு வந்த பிறகும் வாட்சை லேசாக ஆட்டினால் துடிக்கிறது என்றால் சுத்தியல் முழுசாகப் படியவில்லை.

இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்று அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் கொண்டுவந்தது கையில் பிடிக்கும் பழைய ஸ்டாப் வாட்ச். உள்ளே இருப்பது இதே ஹார்ட், இதே சுத்தியல். ஒரு காலத்தில் அவர்கள் ஊர் எருது விடும் விழாவில் நேரம் குறித்தது அது. நம் வேலூர் மாவட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த நொடிகளில் கடக்கும் மாட்டுக்குத்தான் பரிசு. நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முடிவு மாறும். "எல்லா மாட்டுக்கும் ஒரே மாதிரி தப்பு காட்டினா பரவாயில்ல தம்பி. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொண்ணு காட்டினா சண்டையாயிடும்" என்றார். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

அவருடைய வாட்சைக் கண்லென்ஸில் பார்த்தபோது, முள்ளின் நடுக்குழாயை யாரோ ட்வீசரால் நசுக்கியிருந்தது தெரிந்தது. வழுக்கும் முள்ளை இறுக்க நம் ஊரில் நடக்கும் வழி இது. வட்டமாக இருக்க வேண்டிய துளை நீள்வட்டமாகிவிடும். நாலு நாள் பிடிக்கும், பிறகு பழைய கதைதான். சிலர் பசை தொட்டு வைக்கிறார்கள். தொழில் செய்கிற நண்பர்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்த தடவை முள்ளைக் கழற்றும்போது தண்டே உடையலாம். குழாயைச் சுற்றிலும் ஒரே சீராக அழுத்திச் சுருக்கும் கருவி இருக்கிறது. அது இல்லையென்றால் வேறு முள் வாங்குங்கள். முள்ளைப் போடும்போது இயந்திரம் ரீசெட் நிலையில் இருக்கட்டும், சுத்தியல் ஹார்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். தண்டின் கீழ்முனையைத் தாங்கும் கல்லுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். கண் அளவில் வைத்துவிட்டுப் பிறகு தட்டித் திருத்துவதால்தான் பாதி வாட்ச் திரும்பி வருகிறது.

சுத்தியல் படியாத கேஸ்தான் கஷ்டமானது. பல இயந்திரங்களில் ஒரே சுத்தியலின் இரண்டு கைகள் நொடி ஹார்ட்டையும் நிமிட ஹார்ட்டையும் சேர்ந்து அடிக்க வேண்டும். ஒரு கை மயிரிழை முந்தினாலும் மற்றது காற்றில் நிற்கும், அந்தப் பக்கத்து முள் ஆடும். பழைய காலத்தில் இதை ஒவ்வொரு வாட்சிலும் கையால் தேய்த்துத்தான் பொருத்தினார்கள். அதனால்தான் வேறு வாட்சிலிருந்து எடுத்த சுத்தியல் சில சமயம் ஒத்துவருவதில்லை. உண்மையான முன்னேற்றம் இந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது. சுவிஸ் கம்பெனிகளான பட்டேக் பிலிப் 2009-ல் கொண்டுவந்த சிஎச் 29-535 பிஎஸ், அதே ஆண்டு பிரைட்லிங் கொண்டுவந்த பி01 என்ற இரண்டு இயந்திரங்களிலும் சுத்தியல்கள் ஹார்ட்டின் மேல் தாமாகவே சரிந்து படிகின்றன, கையால் தேய்த்துப் பொருத்தும் வேலை இல்லை. நம் மேஜைக்கு அவை வருவது அபூர்வம். நம்மிடம் வருபவற்றில் சுத்தியலை வளைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முதலில் சுத்தம் செய்து பாருங்கள். காய்ந்த எண்ணெயும் பிசுக்கும் சுத்தியலை முழுசாக விழ விடாமல் தடுத்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பது.

வாட்ச் கட்டுகிறவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பட்டனைத் தொடாதீர்கள், நிறுத்திவிட்டுத்தான் ரீசெட். ஓடும்போதே ரீசெட் செய்ய வடிவமைத்த ஃப்ளைபேக் வாட்சுகள் உண்டு. வளைகுடாவிலிருந்து வந்து மேல்விஷாரம், வாணியம்பாடி வீடுகளில் இருக்கும் பழைய சிட்டிசன் 8110-ம் சீக்கோ 7016-ம் அந்த வகை. உங்களுடையது அதுதான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அது அந்த வகை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் தடுத்தால் விட்டுவிடுங்கள். அழகுக்காகக் கனமான முள் மாற்றாதீர்கள். பாய்ந்து சட்டென நிற்கும்போது கனமான முள்தான் முதலில் வழுக்கும். ஈரக் கையோடும் தண்ணீருக்குள்ளும் பட்டனை அழுத்தாதீர்கள். நம் ஊர் வெயிலில் பட்டனைச் சுற்றி வியர்வையும் தூசியும் சேர்ந்து கெட்டியாகும், அதை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். எண்ணெய் விடவே கூடாது. சர்வீஸ் முடிந்து வாங்கும்போது உங்கள் கண் முன்னாலேயே ஐந்தாறு இடங்களில் நிறுத்தி ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். நல்ல ஆள் கோபப்பட மாட்டார்.

முள் தள்ளி நிற்கிறதே என்று பதற வேண்டாம். எப்போதும் ஒரே இடத்தில் தள்ளி நின்றால் அடுத்த சர்வீஸ் வரை அப்படியே கட்டலாம். மாறி மாறி நின்றால் மட்டும் குரோனோகிராஃபை நிறுத்தி வையுங்கள். வழுக்கும் முள் ஒருநாள் கழன்று விழுந்தால் மற்ற முட்களில் சிக்கும், டயலில் கோடு இழுக்கும். கொண்டுவரும் வரை மணி பார்க்க மட்டும் கட்டிக்கொள்ளுங்கள், இரண்டு பட்டன்களையும் தொடாமல்.